மூளைக்குள் நுழையாத மாத்திரை

"மூளைக்குன்னு குடுத்த மாத்திரை மூளைக்குள்ளயே போகாதுன்னா, அப்புறம் அது எதுக்குத் தம்பி?" என்று ஆத்தா கேட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளத்தூர் வீட்டுப் பட்டாலையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மாத்திரை அட்டையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு கேட்டார். காரைக்குடியில் ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். ஒவ்வோர் ஆண்டும் மாப்பொருள் கரைசலில் உமிழ்நீரைக் கலக்கச் சொல்லி, அயோடின் சொட்டு விட்டதும் தோன்றும் நீலம் எத்தனை நிமிடத்தில் மறைகிறது என்று மாணவர்களைக் குறிக்க வைத்திருக்கிறேன். 1913இல் மிக்கேலிசும் மென்டனும் எழுதிய நொதி வேகச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட எனக்கு அன்று சட்டென்று விடை சொல்ல வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருப்பதும், அதை ஆத்தா பல ஆண்டுகளாக மனத்துக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்ததும் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நோய் முதலில் எங்களுக்குத் தெரிந்தது பால் கணக்கு நோட்டில்தான். ஆத்தாவுக்கு அப்போது 68 வயது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பாலுக்கு, உப்புக்கு, சலவைக்கு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியவர். எழுத்து குண்டு குண்டாக, வரிக்கு வரி ஒரே உயரத்தில் நிற்கும். அந்த ஆண்டு நோட்டைப் புரட்டியபோது, வரியின் தொடக்கத்தில் வழக்கமான அளவில் இருந்த எழுத்து, வரி முடிவதற்குள் கடுகளவாகச் சுருங்கியிருந்தது. "பால்" பெரிதாக இருந்தது; அதற்குப் பக்கத்தில் இருந்த "அரை லிட்டர்" என்பதைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. அதற்கும் ஓராண்டுக்கு முன்பே, சாம்பார்ப் பொடிக்கு வறுத்த மல்லி வாணலியில் கருகிப் புகைவது தெரியாமல் பக்கத்திலேயே நின்றிருந்தார். வாசனை அறியும் திறன் மங்குவது நடுக்கத்துக்கு முன்னரே வரக்கூடிய அறிகுறி என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. பிறகு இடக்கை விரல்கள் மந்தமாயின. கொட்டான் முடையும்போது ஓலைக் குருத்தை ஒன்றின் கீழ் ஒன்றாகச் செருகும் இடத்தில் விரல் நின்று நின்று போயிற்று. திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் போய் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். பார்க்கின்சன் நோய் என்றார். "மூளையில டோபமின்னு ஒரு கெமிக்கல் குறைஞ்சுபோச்சும்மா, மாத்திரை அதை ஈடுகட்டும்" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் "குறைஞ்சுபோச்சு" என்ற அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் செய்த வேலையை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

குறைவு என்ற சொல்

தமிழில் ரத்தக் குறைவு, சத்துக் குறைவு என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். குறைவு என்றால் எதையோ சாப்பிடாமல் விட்டுவிட்டோம், உடம்பைக் கவனிக்காமல் இருந்துவிட்டோம் என்ற பொருள் கூடவே வந்துவிடுகிறது. பார்க்க வந்த உறவினர்கள் ஒவ்வொருவராக, "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டினி, சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி, அதுதான் மூளையில சத்து போயிருச்சு" என்றார்கள். ஆத்தா மறுத்துப் பேசவில்லை. அவரே அதை நம்பிவிட்டார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். நாற்பது ஆண்டு விரதத்தை ஒரு குற்றமாக எண்ணி அவர் மனம் குமைந்துகொண்டிருந்தபோது, மகனாகிய நான், வேதியியல் ஆசிரியன், டோபமின் குறைவு என்பதை ஒரு பாடப்புத்தக வாக்கியமாக ஏற்றுக்கொண்டு சும்மா இருந்தேன். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த வாக்கியத்தை நான் சரியாகப் படித்திருந்தால் அதில் இருந்திருக்க வேண்டிய செய்திகள் வேறு. டோபமின் உணவிலிருந்து அப்படியே வருவதில்லை. டைரோசின் என்ற அமினோ அமிலம் பருப்பு, பால், மீன் எல்லாவற்றிலும் உண்டு. பட்டினி கிடந்தாலும் உடலில் அது தீர்ந்துபோய்விடுவதில்லை. நரம்புச் செல்லுக்குள் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி அதை லெவோடோபாவாக மாற்றுகிறது. அடுத்து, டிகார்பாக்சிலேஸ் என்ற இன்னொரு நொதி, வைட்டமின் பி6இன் துணையோடு, லெவோடோபாவை டோபமினாக்குகிறது. முதல் நொதி மெதுவானது. மொத்த உற்பத்தியின் வேகத்தையும் அதுதான் தீர்மானிக்கிறது. உருவான டோபமின் தன் வேலையை முடித்ததும் மோனோஅமீன் ஆக்சிடேஸ், கேட்டகால் மெத்தில் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற இரண்டு நொதிகள் அதைப் பிரிக்கத் தொடங்குகின்றன. இறுதியில் ஹோமோவெனிலிக் அமிலமாகிச் சிறுநீரில் கழிகிறது. வெனிலா மணம் தரும் பொருளுக்கு நெருங்கிய உறவுள்ள அமிலம் அது. ஆக, டோபமின் என்பது பானையில் ஊற்றி மூடி வைத்த பண்டம் அன்று. உருவாகிக்கொண்டும் அழிந்துகொண்டும் இருக்கும் ஓர் ஓட்டம். பார்க்கின்சன் நோயில் பெரிதும் அழிவது, மூளைத்தண்டின் மேற்பகுதியில் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருநிறப் பகுதியில் அந்த ஓட்டத்தை நடத்தும் செல்கள்.

இந்த உண்மை வெளிப்பட்ட வழியில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் இடம் உண்டு. சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசர்ப்பினை முயல்களுக்குக் கொடுத்தார் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன். முயல்கள் காதுகள் தொங்க, அசையாமல் கிடந்தன. ரெசர்ப்பின் டோபமினை நேரடியாக அழிப்பதில்லை. செல்லுக்குள் சிறுசிறு பைகளில் அது பத்திரமாகச் சேமிக்கப்படுவதைத்தான் தடுக்கிறது. பைக்குள் போக முடியாமல் செல்லுக்குள் திரியும் டோபமினை அங்கேயே காத்திருக்கும் மோனோஅமீன் ஆக்சிடேஸ் தீர்த்துவிடுகிறது. 1957இல் கார்ல்சன் அந்த முயல்களுக்கு லெவோடோபாவை ஊசியில் ஏற்ற, அவை சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்து, டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் என் மனத்தை மிகவும் தொட்டது, அந்தத் திசு ஆராய்ச்சி வரிசையில் தெரியவந்த இன்னொரு செய்தி. எஞ்சியிருந்த டோபமினோடு ஒப்பிட்டால், அது சிதைந்து உண்டாகும் ஹோமோவெனிலிக் அமிலத்தின் விகிதம் அந்த மூளைகளில் கூடியிருந்தது. அதாவது, அழிந்தவை போக மிஞ்சிய செல்கள், போனவற்றின் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, வழக்கத்தைவிட வேகமாக டோபமினை உண்டாக்கி, வெளியிட்டு, கழித்துக்கொண்டிருந்தன. நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இப்படி நடக்கிறது. ஆத்தாவின் எழுத்து சுருங்கிய நாளில் அவருடைய மூளை சோர்ந்து கிடக்கவில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு இரட்டிப்பாக உழைத்துக்கொண்டிருந்தது. இதை அவரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மாத்திரை முதல் நான்கு ஆண்டுகள் நன்றாகவே வேலை செய்தது. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. எழுத்து மீண்டும் பெரிதாயிற்று, கொட்டான் முடைந்தார். ஐந்தாம் ஆண்டில் வேளைகளுக்கு நடுவே இடைவெளிகள் தோன்றின. "மருந்து இறங்கிருச்சு தம்பி" என்பார். சரியாக அரை மணியில் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மாத்திரையில் இருந்த லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம் போதும். தொடக்க ஆண்டுகளில் எஞ்சிய செல்கள் அதை வாங்கிச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தன. சேமிக்கும் செல்களும் குறைந்த பிறகு, ரத்தத்தில் மருந்து ஏறினால் ஆத்தா நடந்தார், இறங்கினால் நின்றார். அப்போதுதான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மாத்திரை போட்ட நேரம், இளகிய நேரம், இறுகிய நேரம் என்று அவரே மூன்று பத்தி கோடு போட்டு எழுதத் தொடங்கினார்.

அந்த ஆண்டு, நெருங்கிய உறவில் ஒரு சாந்திக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தி தாமதமாகி, ஒன்றரை மணிக்கு இலையில் உட்காரும்போதுதான் மதிய மாத்திரையையும் கொடுத்தேன். பருப்பு, பால் பாயசம் என்று எல்லாம் இருந்த விருந்து. மூன்று மணிக்கு வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைவாசலில் ஆத்தா உறைந்து நின்றுவிட்டார். ஒரு கால் வாசற்படியின் இந்தப் பக்கம். மறு கால் எழவில்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லோர் பார்வையும் அவர்மேல் இருந்தது. மருந்து போதவில்லை என்று நான் முடிவு செய்து இன்னொரு மாத்திரையைக் கொடுத்தேன். குறைவு என்றால் கூட்டிக் கொடு. அந்தச் சொல் எனக்குக் கற்பித்திருந்த பாடம் அவ்வளவுதான். ஐந்து மணிக்கு ஆத்தாவின் கழுத்தும் தோள்களும் வளைந்து வளைந்து தாமாக ஆடத் தொடங்கின. கை ஒரு பக்கம் சுழல, உட்கார்ந்த இடத்தில் நிலைகொள்ளாமல், வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ள முயன்று, அந்தக் கையும் வசப்படாமல், ஏழு மணிவரை அப்படியே இருந்தார். சாமி வந்துவிட்டது என்று யாரோ ஒருவர் விபூதி கொண்டுவந்தார்.

வரத்துக்கால்

அடுத்த வாரம் மதுரையில் மருத்துவர் நோட்டை வாங்கி வரிவரியாகப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு கோடு இழுத்தார். வாய், குடல், ரத்தம், மூளை. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். குடல் சுவரைக் கடக்கவும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும், மற்ற அமினோ அமிலங்கள் ஏறும் அதே கடத்திகளில்தான் அதுவும் ஏற வேண்டும். விருந்தில் சாப்பிட்ட பருப்பும் பாலும் செரித்து அமினோ அமிலங்களாகி அந்த வண்டியை நிரப்பிவிட்டன. மாத்திரை வெளியிலேயே காத்திருந்தது. நான் கொடுத்த இரண்டாவது மாத்திரையும் அதோடு சேர்ந்துகொள்ள, வயிறு இளகியதும் இரண்டும் ஒன்றாக ஏறின. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும், பருப்பு, முட்டை, மீன் வகையறாவை இரவுக்குத் தள்ள வேண்டும் என்றார். இதுவரை எனக்கு விளங்கியது. அதன்பின் அவர் அந்தக் கோட்டின்மேல், மூளை என்று எழுதிய வட்டத்துக்கு வெளியே, இரண்டு பெருக்கல் குறிகள் போட்டார். "இப்ப கொடுக்கிற மாத்திரையில மூணு மருந்து சேர்ந்திருக்கு. லெவோடோபா மட்டும்தான் மூளைக்குள்ள போகும். மத்த ரெண்டும் போகாது, போகவும் கூடாது."

அந்த இரண்டில் ஒன்று கார்பிடோபா. முதல் நாளிலிருந்தே ஆத்தா விழுங்கிவந்த மாத்திரையில் இருந்ததுதான். அது குடலிலும் ரத்த நாளங்களிலும் சிறுநீரகத்திலும் உள்ள டிகார்பாக்சிலேஸ் நொதியைத் தடுக்கிறது. தடுக்காவிட்டால் லெவோடோபா வழியிலேயே டோபமினாகிவிடும்; டோபமினால் மூளைக்குள் நுழைய முடியாது. மற்றது புதிதாகச் சேர்த்த என்டகபோன். கேட்டகால் மெத்தில் டிரான்ஸ்ஃபரேஸ் நொதியை மூளைக்கு வெளியே தடுக்கிறது. தடுக்காவிட்டால் அந்த நொதி லெவோடோபாவை மெத்தில்டோபா வகைப் பொருளாக மாற்றும். அது பயனற்றதாக இருப்பதோடு, மேற்சொன்ன வண்டியில் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்தால் மூளைக்குப் போய்ச் சேர்வது நூற்றில் ஒரு பங்கு அளவே. கார்பிடோபா சேர்ந்ததும் தேவைப்படும் லெவோடோபாவின் அளவு நான்கில் மூன்று பங்கு குறைந்துவிடுகிறது. மூளை நோய்க்கான மாத்திரையில் பாதிக்கு மேற்பட்ட யோசனை மூளைக்கு வெளியே நடப்பதைப் பற்றியது.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா கேட்டதுதான் நான் முதலில் எழுதிய கேள்வி. நொதி, தடுப்பான், ரத்த-மூளைத் தடுப்பு என்று ஆரம்பித்து நான் சொன்ன எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு நாள் கழித்து, காலை மாத்திரை ஏறி உடம்பு இளகியிருந்த நேரத்தில் அவரே பேச்சை எடுத்தார். "தம்பி, கம்மாய்க்கு வர்ற தண்ணிய வரத்துக்கால்லயே வழியில மடக்கிக்கிறாங்கள்ல, அதைக் காக்குற ஆளா அந்த ரெண்டு மாத்திரையும்?" என்றார். நான் ஆமாம் என்றேன். "அப்ப அந்த ஆளு கம்மாய்க்குள்ள எதுக்கு இறங்கணும்? கரைமேல நின்னாப் போதுமே" என்று சொல்லிவிட்டு ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டார். பெரிய ஆறு ஓடாத நாடு எங்கள் செட்டிநாடு. மழை பெய்தால் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கும் ஊருணிக்கும் தண்ணீர் வந்தால் உண்டு. மழை நன்றாகப் பெய்தும் கண்மாய் நிறையாத ஆண்டுகளை ஆத்தா சிறு பெண்ணாக இருந்தபோதே பார்த்திருக்கிறார். கண்மாயில் தண்ணீர் இல்லை என்றால் மழை இல்லை என்று மட்டும் பொருள் இல்லை என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதாக இல்லை. அன்றுதான் அவரிடம் கேட்டேன், விரதத்தால் வந்த நோய் என்றா இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று. பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது மழை சம்பந்தப்பட்டது இல்லைங்கிற" என்றார். இல்லை என்றேன். அந்தக் கந்த சஷ்டிக்கு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, பழமும் கஞ்சியுமாக ஒரு நாள் விரதம் இருந்தார். மூன்று ஆண்டுகளாக விட்டிருந்த விரதம் அது.

ஆனால் வழியில் மடக்கிக்கொள்பவர்களைத் திருடர்கள் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. சிறுநீரகத்தில் அதே டிகார்பாக்சிலேஸ் நொதி டோபமினை உண்டாக்கி, உடலிலிருந்து உப்பை வெளியேற்ற உதவுகிறது. குடலில் அதே நொதி செரோட்டோனினை உருவாக்கும் கடைசிப் படியைச் செய்கிறது; உடலின் செரோட்டோனினில் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில்தான் இருக்கிறது. அவையும் பங்காளிகளே. அவற்றின் பங்கு மிஞ்சிப்போனால்தான் தொல்லை. வாந்தியைத் தூண்டும் சிறு பகுதி ஒன்று மூளைத்தண்டில் ரத்த-மூளைத் தடுப்பின் காவலுக்கு வெளியே இருக்கிறது. ரத்தத்தில் உருவாகும் டோபமின் அதைத் தொட்டதும் குமட்டுகிறது. 1967இல் நியூயார்க்கில் கோட்சியாஸ் நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் மருந்தைக் கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தபோது, அளவை மிக மெதுவாக ஏற்ற வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம் இந்தக் குமட்டல்தான்.

பூனைக்காலி விதையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதைக் கொண்டுவந்து கொடுக்காத உறவினர் குறைவு. அதில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937லேயே சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். எங்கள் வேலிகளில் படர்ந்து, தொட்டால் அரிக்கும் அந்தக் கொடியின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்று அளந்து சொல்ல யாரும் இல்லை. அதைத் தனியாக உட்கொண்டால் வரத்துக்காலில் காவல் இல்லை. ஏற்கனவே கார்பிடோபா எடுத்துக்கொள்பவருக்கு மேலும் கொடுத்தால், காவல் இருக்கும் கால்வாயில் வெள்ளத்தைத் திறந்துவிட்டது போலாகும். அந்தக் கல்யாண வீட்டு மாலையை மீண்டும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பொடி டப்பாக்களை வாங்கி, நன்றி சொல்லி, அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

புதிய மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் நோட்டில், நேரப் பத்திகளுக்கு வெளியே ஓரத்தில், "சிவப்பு" என்று ஒரு சொல் இருந்தது. மறுநாளும் இருந்தது. கேட்டபோது சொல்லத் தயங்கினார். சிறுநீர் செங்கல் நிறத்தில் போகிறது, ரத்தம் என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் குளியலறையைக் கழுவிக் கழுவி விட்டிருக்கிறார். என்டகபோனும் அதன் சிதைவுப் பொருள்களும் சிறுநீரைச் செம்பழுப்பாக்கும். அதனால் கெடுதல் இல்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில், பூதக்கண்ணாடி வேண்டிய அளவு எழுத்தில், அது அச்சாகியும் இருந்தது. எங்களிடம் வாய்விட்டுச் சொல்ல அந்த மருத்துவமனையில் ஒருவருக்கும் அரை நிமிடம் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு இன்றுவரை மனக்குறை உண்டு.

கலுங்கு

கண்மாய்க்கு உள்ளே நடப்பது வேறு கதை. அடுத்த ஆண்டு மருத்துவர் சேர்த்த ரசகிலின் மூளைக்குள் நுழையும் மருந்து. அது தடுப்பது மோனோஅமீன் ஆக்சிடேஸின் இரண்டு வகைகளில் பி வகையை. இந்த நொதியை 1928இல் கேம்பிரிட்ஜில் கல்லீரல் திசுவில் முதலில் கண்டவர் மேரி ஹேர் என்ற இளம் பெண். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் அது பதிந்திருக்கிறது. பி வகை, நரம்புச் செல்களைவிட அவற்றைச் சூழ்ந்து நிற்கும் கிளியா செல்களில் மிகுதி. வயது ஏற ஏற மூளையில் இதன் அளவும் ஏறுகிறது. ஆத்தா இதைக் கலுங்கை அடைப்பது என்றே சொல்கிறார். அது முழுக்கப் பொருந்தாது என்று அவரிடம் சொன்னேன். கண்மாய் நிரம்பினால்தான் கலுங்கு வழியும், இந்த நொதியோ நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தாலும் தன் வேலையை நிறுத்துவதில்லை. மேலும், அது டோபமினைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு மூலக்கூறு மிஞ்சுகிறது. ஆய்வகத்தில் பழுப்புப் புட்டியில், வெளிச்சம் படாமல் பூட்டி வைத்து நான் மாணவர்களுக்கு எச்சரித்துக் கொடுத்த அதே பொருள்.

டோபமின் போல நரம்புகள் வெளியிடும் செய்திப் பொருள்கள் எல்லாவற்றையும் நொதிதான் முடித்துவைக்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அசெட்டைல்கோலின் என்ற நரம்புக்கடத்தியைப் பொறுத்தவரை அது சரி. அதைப் பிரிக்கும் நொதியின் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் பல ஆயிரம் மூலக்கூறுகளைப் பிரித்துவிடும். நம் ஊர்களில் பூச்சிமருந்தைக் குடித்தவர்கள் வாயில் நுரை தள்ளி மூச்சுமுட்டிச் சாவது அந்த ஒரு நொதி முடங்குவதால்தான். ஆனால் அட்ரினலின் குடும்பத்தில் கதை அப்படி இல்லை என்று காட்டியவர் ஜூலியஸ் ஆக்செல்ராட். ஆய்வக உதவியாளராக நெடுங்காலம் இருந்து, 43 வயதில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். மெத்தில் டிரான்ஸ்ஃபரேஸ் நொதியைக் கண்டறிந்த அவரே, வெளியிடப்பட்ட கடத்தியின் பெரும்பகுதியை நரம்பு முனை திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்பதையும் நிறுவினார். உறிஞ்சியதில் ஒரு பங்கு மீண்டும் பைக்குள் போகிறது; மீதி நொதிகளிடம் போகிறது. 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தாம் கண்டுபிடித்த நொதிக்கே முதலிடம் இல்லை என்று தாமே காட்டிய அந்த நேர்மையை நான் வகுப்பில் தவறாமல் சொல்லியிருக்கிறேன்.

இந்த நொதிகளைத் தடுப்பதில் உள்ள ஆபத்தையும் உலகம் சாப்பாட்டுத் தட்டில்தான் கற்றது. காசநோய்க்கு 1950களின் தொடக்கத்தில் கொடுத்த இப்ரோனியசிட் நோயாளிகளின் மனத்தை உற்சாகமாக்கியது. அது மோனோஅமீன் ஆக்சிடேஸைத் தடுப்பதும் 1952இல் தெரிந்தது. அந்த வகை மருந்துகள் மனச்சோர்வுக்குப் பரவலாயின. சீஸ் சாப்பிட்ட சிலருக்குத் தலை வெடிக்கும் வலியும் கடும் ரத்த அழுத்தமும் வந்ததை 1963இல் பேரி பிளாக்வெல் எழுதினார். பழையதாகிப் புளித்த, ஊறிய உணவுகளில் டைரமின் என்ற பொருள் உண்டு. குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதி அதைத் தினமும் நமக்குத் தெரியாமல் அழித்துக்கொண்டிருக்கிறது; அதைத் தடுத்ததும் டைரமின் நேராக ரத்தத்தில் ஏறியது. ரசகிலின் பி வகையை மட்டும் தடுத்து, குடலில் இந்த வேலையைச் செய்யும் மற்ற வகையை விட்டுவிடுவதால், சொன்ன அளவைத் தாண்டாதவரை இந்த அச்சம் பெரிதில்லை. ஆத்தாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடர்கிறோம். ஆனால் இருமல் மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த எதையும் இந்த மாத்திரையோடு கொடுக்கக் கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மருந்துகளில் அது சர்வசாதாரணமாக இருக்கிறது.

ஆத்தாவின் மாத்திரையைப் படிக்கத் தொடங்கியபின் வீட்டில் உள்ள மற்ற மாத்திரைகளையும் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. என் மனைவி பதினைந்து ஆண்டுகளாகக் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் போடுகிறார். நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட அந்த ஹார்மோன் பெரும்பாலும் ஒரு முன்பொருள்தான். ஓர் அயோடினை இழந்து டி3 ஆனபின்தான் முழு வேலை செய்கிறது. மூளையில் அந்த மாற்றத்தைக் கிளியா செல்களில் உள்ள செலினியம் கொண்ட ஒரு நொதி அங்கேயே செய்துகொள்கிறது. பக்கத்திலேயே, நரம்புச் செல்களில், வேறோர் அயோடினைக் கழற்றி ஹார்மோனைச் செயலற்றதாக்கும் மற்றொரு நொதியும் இருக்கிறது. தைராய்டு சுரப்பு குறையும்போது மூளை முதல் நொதியைக் கூட்டித் தன் டி3 அளவைத் தாழவிடாமல் முடிந்தவரை காக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள எண்கள் ரத்தத்தைப் பற்றியவை. மூளைத் திசு தனக்கென்று வேறு கணக்கு வைத்திருக்கிறது. 1981இல் பிரான்சைச் சேர்ந்த போலியே என்ற ஆராய்ச்சியாளர், எலியின் மூளையில் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் ரத்தத்தில் உள்ளதைவிட அதிகமாக இருப்பதையும், சுரப்பிகளை அகற்றியபின்னும் நீடிப்பதையும் கண்டு, அவற்றுக்கு நியூரோஸ்டீராய்டு என்று பெயரிட்டார். புரோஜெஸ்டிரானை மூளையில் இரண்டு நொதிகள் அடுத்தடுத்து மாற்றி அல்லோபிரெக்னனோலோன் ஆக்குகின்றன; அது நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளின்மேல் செயல்படுகிறது. பிரசவமானதும் நஞ்சுக்கொடியோடு புரோஜெஸ்டிரானும் போய்விட, இதுவும் சரிகிறது. 2019இல் அமெரிக்காவில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு ஒப்புதல் பெற்ற மருந்து இதே பொருள்தான். என் தங்கை மகள் பிள்ளை பெற்று நாற்பது நாள் காரணமில்லாமல் அழுதபோது, பெரியவர்கள் கண்ணேறு கழித்தார்கள், "ராசா மாதிரி பிள்ளையைப் பெத்துட்டு என்ன அழுகை" என்று கடிந்தார்கள். அவளுக்கும் ஒரு குறைவு என்ற பெயரைத்தான் கொடுத்தோம், மனத்தைரியக் குறைவு என்று.

ஆத்தாவுக்கு இப்போது 80 வயது. மாத்திரை நாளுக்கு ஐந்து வேளையாகிவிட்டது. நோட்டின் பின்பக்கப் பத்திகள் எட்டாவது நோட்டில் தொடர்கின்றன. காலை ஏழு மணி மாத்திரை ஏழே முக்காலுக்கு ஏறுகிறது. ஒன்பதரைவரை நடை, குளியல், சாமி விளக்கு. பத்து மணி மாத்திரைக்குப் பிறகு கிடைப்பதுதான் நீண்ட பொழுது. அதை அவர் கொட்டானுக்கென்று ஒதுக்கியிருக்கிறார். நேற்றும் பதினொரு மணிக்குப் பட்டாலையில் உட்கார்ந்து, சிவப்புச் சாயம் ஏற்றிய குருத்தோலையை நகத்தால் கீறி ஒரே அகலமாகக் கிழித்து, அடிப்பகுதியை முடித்து, பக்கச் சுவரை நான்கு விரல் உயரம் ஏற்றினார். பன்னிரண்டேகாலுக்கு இடக்கை சுட்டுவிரல் ஓலையின் அடியில் போய் ஒரு கணம் நின்றது. அவர் அந்த விரலைப் பார்த்தார், மறுபடி முயலவில்லை. ஓலை முனை பிரிந்துவிடாமல் ஒரு துணிக் கிளிப்பை மாட்டிக் கொட்டானை முறத்தில் வைத்தார். நோட்டை எடுத்து நேரத்தை எழுதினார். "மூடி ரெண்டரைக்கு மேல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.